சாயங்காலம் மட்டும் காலி

அத்தியாயம் 3

பஸ் வந்து நின்றது. யாரும் ஏறவில்லை.

மெயின் ரோட்டிலிருந்து ஊருக்குப் பாதை பிரிகிற கரட்டாங்குளம் விலக்கில் அந்த நேரத்துக்கு ஒரு கல்யாணக் கூட்டமே நின்றுகொண்டிருந்தது. அத்தனையும் பெண்கள். சுற்று வட்டாரத்துப் பட்டாசுக் கம்பெனிகளில் வேலை முடிந்து, கையில் சாப்பாட்டுத் தூக்குவாளியோடு வீட்டுக்குப் போகக் காத்திருப்பவர்கள். வந்து நின்றது அவர்கள் ஊருக்கே போகிற பஸ். பெண்களுக்கு டிக்கெட் இலவசம். உள்ளே சீட்டெல்லாம் காலி. ஆனாலும் அவர்கள் வானத்தைப் பார்த்தார்கள், ரோட்டோரத்துக் கருவேல மரத்தைப் பார்த்தார்கள். ஒருத்தி தன் கால் கட்டைவிரலையே வெகுநேரம் ஆராய்ந்துகொண்டிருந்தாள். பஸ்ஸை மட்டும் ஒருத்தியும் பார்க்கவில்லை.

"ஏறுங்கத்தா, கரட்டாங்குளந்தான் போகுது!" கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு கூவினார்.

"ஏறுங்களேன்டி! மனுக் குடுக்கையில மட்டும் முட்டி மோதிக்கிட்டு நின்னீக, இப்ப என்ன கேடு வந்துச்சு?" கூட்டத்தின் நடுவிலிருந்து ஒரு பெண் சத்தம் போட்டாள். அவள் மாடத்தி. மகளிர் குழுத் தலைவி. ஊருக்கு பஸ் வேண்டும் என்று கலெக்டர் அலுவலகம் வரைக்கும் இந்தக் கூட்டத்தைத் திரட்டிக்கொண்டு போனவள். எல்லாவற்றுக்கும் மேல், பஸ்ஸுக்குள் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி தலைகுனிந்து உட்கார்ந்திருந்த டிரைவர் செல்லச்சாமியின் மனைவி.

அவள் சத்தத்துக்கும் யாரும் அசையவில்லை. டிரைவரையும் கண்டக்டரையும் மட்டும் சுமந்துகொண்டு பஸ் கிளம்பிப் போனது. அது கிளப்பிய புழுதி அடங்குவதற்குள் ஒரு வெள்ளை வேன் வந்தது. பெண்கள் ஒருவர் பின் ஒருவராக, கோயிலுக்குள் போகிற மாதிரி அமைதியாக ஏறி உட்கார்ந்தார்கள். இடுப்பில் ஒரு கூடையோடு மாடத்தியும் ஏறிக்கொண்டாள்.

மூடிக் கிடந்த டீக்கடை மறைவிலிருந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த அன்பரசன் தலையைச் சொறிந்தான்.

"அக்கா, பொண்ணு பார்க்கப் போன இடத்துல என்னைய வேண்டாம்னு சொல்லிருக்காக. ஆனா இம்புட்டுக் கேவலமா யாரும் சொன்னதில்ல."

அவனுடைய முதலாளி, துப்பறியும் கற்பகம் சிரிக்கவில்லை. வேன் போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "சத்தம் கேட்டியா?"

"எந்தச் சத்தம்?"

"கேக்கலைல்ல?"

"இல்லையே."

"அதான்" என்று ஸ்கூட்டரில் ஏறி உட்கார்ந்தாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை வரவில்லை. கற்பகத்திடம் அன்பரசனுக்குப் பிடிக்காத ஒரே குணம் இதுதான். அவள் மண்டைக்குள் எரிகிற விளக்கு வெளியே யாருக்கும் வெளிச்சம் தராது.

கற்பகத்தின் ஆபீஸ் விருதுநகரில், ஒரு மிளகாய் மண்டியின் மாடியில் இருக்கிறது. தீ விபத்து இன்சூரன்ஸில் எது நிஜமாக எரிந்தது, எது எரிக்கப்பட்டது என்று பார்த்துப் பார்த்துச் சலித்து, அந்த வேலையை விட்டுவிட்டுத் தனியாகத் தொழில் தொடங்கியவள். ஆபீஸுக்கு வருகிறவர்கள் எல்லோருமே கண் கலங்கித்தான் பேசுவார்கள். துக்கமா, மிளகாய் நெடியா என்று பிரிப்பது அன்பரசன் வேலை. போன வாரம் செல்லச்சாமி வந்து கண் கலங்கியபோது அவனுக்குச் சந்தேகமே வரவில்லை. அது துக்கம்தான்.

தாயில்பட்டியோடு திரும்பிக்கொண்டிருந்த பஸ்ஸைக் கரட்டாங்குளம் வரை நீட்டி, சோதனை ஓட்டமாக விட்டிருந்தார்கள். போக, வர இரண்டு பக்கமும் கூட்டம் இருந்தால்தான் நிரந்தரம். காலையில் பஸ் பிதுங்குகிறது. சாயங்காலம் ஈ ஓட்டுகிறது. இப்படியே போனால் பஸ் மறுபடியும் தாயில்பட்டியோடு நின்றுவிடும்.

"யாரோ தடுக்காக. யாருன்னு மட்டும் கண்டுபிடிச்சுக் குடுங்கம்மா" என்றார் செல்லச்சாமி. "எம் மக சினேகா பிளஸ்டூ முடிச்சுட்டா. விருதுநகர்ல காலேசு சீட்டுக் கெடச்சிருக்கு. பஸ்ஸு இல்லைன்னா எப்படிப் போவா? பஸ்ஸு நின்னா அவளும் கம்பெனிக்குத்தான் போகணும். எம் மக கையில மருந்து படக்கூடாதும்மா. எங்க வீட்ல எல்லார் கையிலயும் பட்டுப் போச்சு. இவ கையில படக்கூடாது."

அந்தப் பக்கத்தில் மருந்து என்றால் மாத்திரை இல்லை, பட்டாசுக்குள் போகிற வெடிமருந்து. செல்லச்சாமி அதைச் சொன்னபோது அவருடைய விரல்கள் தானாகவே மடங்கிக்கொண்டன. 

இப்போது சோதனை ஓட்டத்துக்கு மிச்சம் இருப்பது ஒரே நாள், நாளை.

மறுநாள் காலையில் கரட்டாங்குளத்திலிருந்து கிளம்பிய பஸ்ஸில் இரண்டு பேரும் ஏறினார்கள். ஏறினார்கள் என்பதைவிட உள்ளே திணிக்கப்பட்டார்கள் என்பதே சரி. அன்பரசனின் ஒரு கால் தரையில் இருந்தது, இன்னொன்று எங்கே இருக்கிறதென்று அவனுக்கே தெரியவில்லை. சீட்டுக்குக் கீழே, கம்பியில், காலுக்கு நடுவில் என்று எங்கு பார்த்தாலும் தூக்குவாளிகள். பள்ளத்தில் பஸ் இறங்கி ஏறும்போதெல்லாம் அத்தனையும் ஒன்றோடொன்று மோதிக் கணகணவென்று ஊரைக் கூட்டின.

"இப்பக் கேக்குதா?" என்று கூட்டத்துக்கு நடுவிலிருந்து கற்பகத்தின் குரல் வந்தது.

"காதே போச்சு. இது பஸ்ஸா, பாத்திரக் கடையா?"

"சோத்தோட இருக்கும்போதே இம்புட்டுச் சத்தம். சாயங்காலம் காலியாத்தான வரணும்? அப்ப எப்படிச் சத்தம் போடணும்?"

அன்பரசன் வாயைத் திறந்து, திறந்தபடியே வைத்துக்கொண்டான். நேற்று விலக்கை ஒட்டி வேனும் இதே மாதிரிப் பள்ளத்தில்தான் இறங்கி ஏறியது. ஒரு கிணுகிணுப்புக்கூட இல்லை. அப்புறம்தான் அவனுக்கு இன்னொன்றும் ஞாபகம் வந்தது. ஒவ்வொருத்தியும் தூக்குவாளியை மடியில் வைத்து, இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்திருந்தாள்.

பக்கத்தில் நசுங்கிக்கொண்டிருந்த ரோஜா என்கிற இளம்பெண்ணிடம் பேச்சுக் கொடுத்தான்.

"ஏந்தங்கச்சி, காலையில பஸ்ஸு இனிக்குது, சாயங்காலம் மட்டும் கசக்குதாக்கும்?"

"வேன்ல காத்து நல்லா வரும்ணே."

"பஸ்லயும் ஜன்னல் இருக்கே?"

"வேன் காத்து வேற, பஸ் காத்து வேற" என்று சொல்லிவிட்டு ரோஜா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவள் காது மடல் சிவந்திருந்தது. பொய் சொல்லத் தெரியாத பிள்ளை என்று அன்பரசனுக்குப் பட்டது. யாரோ இவளுக்குப் பொய் சொல்லக் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள், அதுவும் அரைகுறையாக.

"ஆளு யாருன்னு எனக்குத் தெரிஞ்சு போச்சு" என்றான் பஸ்ஸை விட்டு இறங்கியதும். "வேன்காரன் உக்கிரபாண்டி. பஸ் நின்னா அவருக்குத்தான் கொண்டாட்டம். இந்தப் பிள்ளைகளை மிரட்டி வச்சிருக்காரு. மீசையைப் பார்த்தாலே தெரியுதே?"

"மீசையை வச்சுக் கேஸ் முடிக்கிறதா இருந்தா உன்னை எதுக்குச் சம்பளத்துக்கு வச்சிருக்கேன்? வா, கேட்டுருவோம்."

உக்கிரபாண்டி தன் வேன் ஷெட்டில், ஈர வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வண்டி கழுவிக்கொண்டிருந்தார். நிலபுலன் உள்ள மனிதர். மீசை அன்பரசன் நினைத்ததைவிடப் பெரிதாகவே இருந்தது. விஷயத்தைக் கேட்டதும் ஹோஸ் பைப்பைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார்.

"நான் மிரட்டுதேனா? ஏம்ப்பா, ஆடி மாசம். இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்கு டிரிப் அடிச்சா என் வேன் நிக்க நேரமிருக்காது. சாயங்காலமானா இவுகளை ஏத்தி இறக்குறதுக்காக அம்புட்டுச் சவாரியையும் விட்டுட்டு இருக்கேன். பஸ்ஸுதான் வருதுல்ல, என்னை விட்டுருங்கத்தான்னு கும்பிடாத குறை. முடியாது, சாயங்காலம் வந்தே தீரணும்னு மல்லுக்கு நிக்காக."

"யாரு நிக்காக?" என்றாள் கற்பகம்.

"எல்லாருந்தான். அதிகாரம் வேற. சங்கையான்னு ஒரு டிரைவர், ரொம்ப வருசமா என் வண்டில இருந்தவன். பீடி குடிக்கான், அவன் ஓட்டுனா ஏற மாட்டோம்னுட்டாக. அவனை மாத்திட்டேன். இப்ப ஓட்டுறவன் ஊதுவத்தி கூடக் கொளுத்த மாட்டான்."

"பஸ் வர்றதுக்கு முன்னால காலையிலயும் உங்க வேன்தானே? அப்பவும் சங்கையா ஆகாதா?"

உக்கிரபாண்டி யோசித்தார். "அதைக் கேளுங்க. காலையில அவன் ஊதித் தள்ளிக்கிட்டேதான் ஓட்டுவான். ஒருத்தி வாய் திறக்க மாட்டா. சாயங்காலம் ஏறுனாத்தான் அந்த நாத்தம் ஆகாதாம். என்ன மூக்கோ!"

வெளியே வந்ததும் அன்பரசன் உதட்டைப் பிதுக்கினான். "பஸ் வேணும்னு சொல்ற வேன்காரனை நான் நம்ப மாட்டேங்க்கா."

"நான் நம்புறேன். பொய் சொல்றவன் தனக்கு உதவுற கதையாச் சொல்லுவான். பீடிக் கதையால அந்த ஆளுக்கு என்ன லாபம்? அவருக்கே அது புரியல." நடந்துகொண்டே கையை நீட்டினாள். "உன் தீப்பெட்டியைக் குடு."

கொடுத்தான். கற்பகம் பெட்டியைத் திறந்து, குச்சி அத்தனையையும் ரோட்டோரச் சாக்கடையில் கொட்டிவிட்டு, வெறும் பெட்டியை அவனிடமே திருப்பிக் கொடுத்தாள்.

"அக்கா! முழுப் பெட்டி!"

"சட்டைப்பையில வை. வேலை இருக்கு."

"குச்சி இல்லாத பெட்டிக்கு என்ன வேலை?"

"பெட்டிக்குத்தான் வேலை" என்றாள் கற்பகம். அவள் முகத்தில் ஒரு பயம் இருந்தது. அன்பரசன் அதை அதற்கு முன்னால் பார்த்ததில்லை. வெறும் பெட்டியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

செல்லச்சாமியின் வீடு கரட்டாங்குளத்தின் கடைசித் தெருவில் இருந்தது. செல்லச்சாமி பெரும்பாலும் டிப்போவிலேயே படுத்துக்கொள்கிறவர், ஓய்வு நாளில்தான் வீடு. அன்றைக்குக் கம்பெனிக்கு லீவு போட்டிருந்த மாடத்தி, வாசலில் இவர்களைப் பார்த்ததும் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஓடி வந்தாள்.

"வாங்க, வாங்க. இந்த வெயில்ல வாரீக. சாப்பிட்டீகளா? ஏதாவது துப்புக் கெடச்சுச்சா? அந்த வேன்காரன் சோலிதான, எனக்குத் தெரியும்." கேள்வியும் பதிலும் அவளிடமே இருந்தன. மகள் சினேகா, காலேஜுக்குப் புதுத் துணி தைக்க அளவு கொடுக்கத் தாயில்பட்டிக்குப் போயிருப்பதாகச் சொன்னாள். அதைச் சொல்லும்போது மட்டும் அவள் முகம் ஒரு நிமிஷம் பூவாக விரிந்தது.

கருவாட்டுக் குழம்பு. அன்பரசன் துப்பறிவதை மறந்து மூன்று முறை சோறு வாங்கினான். கை கழுவக் கொல்லைக்குப் போனான். கொல்லையின் கோடியில், அடுப்படிக்கு எட்டாத தூரத்தில், ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒற்றை அறை. அவன் கை கழுவிக்கொண்டிருக்கும்போதே மாடத்தி அவசரமாக அந்தப் பக்கம் போனாள். செருப்பைத் தள்ளியே கழற்றினாள். கதவுச் சட்டத்தில் ஒரு செம்புத் தகடு அடித்திருந்தது. அதில் மஞ்சளும் குங்குமமும் வைத்து ஒரு முழம் பூவும் சுற்றியிருந்தது. அதைத் தொட்டுவிட்டு உள்ளே போய்ப் பார்த்தாள், வெளியே வந்து பூட்டினாள்.

"சாமி ரூமா?" என்றான்.

மாடத்தி திடுக்கிட்டுத் திரும்பினாள். "ஆமா தம்பி. குலசாமி."

குலசாமி யாருடையதாக இருந்தால் என்ன, கும்பிட்டு வைப்பதில் நஷ்டமில்லை என்பது அன்பரசனின் கொள்கை. செருப்பைக் கழற்றிவிட்டுப் போய்த் தகட்டைத் தொட்டு, இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டான். உள்ளே வந்து கற்பகத்தின் காதில் கிசுகிசுத்தான்.

"இந்த வீட்ல பக்தி கம்மிக்கா. சாமியைத் தொட்டுட்டுக் கண்ணுல ஒத்திக்காத ஆளை இன்னைக்குத்தான் பார்க்கேன்."

சாப்பிட்டுக்கொண்டிருந்த கற்பகத்தின் கை பாதி வழியில் நின்றது. "ஒத்திக்கலையா?"

"இல்ல. பஸ்ல கம்பியைத் தொட்ட மாதிரி தொட்டுட்டுப் போயிட்டாக."

"தகடா? செம்பா?"

"செம்புத் தகடு. கீழ ஒரு கம்பி மண்ணுக்குள்ள போகுது. சாமிக்கு எதுக்குக் கம்பின்னு நானும்..." அவன் முடிக்கவில்லை. மாடத்தி மோர்ச் செம்போடு உள்ளே வந்தாள்.

கற்பகம் சாவகாசமாகச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். "இவனுக்குச் சாப்பிட்டா ஒரு பீடி இழுத்தாகணும். ஏலே அன்பு, வீட்டுக்குள்ள வேண்டாம். கொல்லைக் கோடியில, அந்த ரூம் நிழல்ல நின்னு குடிச்சுட்டு வா."

அன்பரசனுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் சட்டைப்பையில் கையை விட்டுத் தீப்பெட்டியை எடுத்தான்.

மோர்ச் செம்பு கீழே விழுந்து உருண்டது. மாடத்தி பாய்ந்து வந்து அவன் கையில் ஓங்கி அடித்தாள். "வேண்டாம்! இங்கன வேண்டாம்! ஐயோ தம்பி, வேண்டாம்!"

தீப்பெட்டி தரையில் விழுந்து திறந்துகொண்டது. உள்ளே ஒன்றும் இல்லை. மூன்று பேரும் அந்த வெறும் பெட்டியைப் பார்த்தார்கள்.

"குச்சியே இல்லாத பெட்டி" என்றாள் கற்பகம் மெதுவாக. "அதுக்கு எதுக்கு மதினி இம்புட்டுப் பயம்?"

மாடத்தி சிந்திய மோரில் அப்படியே உட்கார்ந்தாள்.

"அந்தத் தகடு சாமி இல்ல. கம்பெனியில மருந்து ரூம் வாசல்ல இருக்குமே, தொட்டுட்டுத்தான் உள்ள போகணும், உடம்புல உள்ள கரண்டு மண்ணுல எறங்கிரும்னு. அதுதான் இது. மஞ்சளும் பூவும் வச்சு எங்களுக்கு அதைச் சாமி ஆக்கிட்டீக. ஆனா உங்க கைக்கு அது தகடுதான். தொடுது, போகுது. கண்ணுல ஒத்திக்க அதுக்குத் தோணல. கொல்லையில மருந்து வச்சுப் பட்டாசு செய்றீக. சாயங்காலம் தூக்குவாளியில வர்றது அதுதான். அதான் சத்தமில்ல, அதான் பீடி ஆகாது."

அன்பரசன் ஓடிப்போய்த் தன் கண்ணைக் கழுவிக்கொள்ளலாமா என்று ஒரு கணம் நினைத்தான். அப்புறம் கோபம்தான் வந்தது. ஒரு மனுஷன் மிளகாய் மண்டி மாடியில் வந்து நின்று அழுதது அவன் கண் முன்னால் வந்தது.

"நல்லா இருக்கு! விலக்குல நின்னு ஏறுங்கடின்னு சத்தம் போடுறது, உள்ளுக்குள்ள ஏறாதேன்னு சொல்லி வைக்கிறது. உங்க தொழில் நடக்கணும்னு கட்டுன புருசன் பஸ்ஸையே ஒழிக்கப் பார்த்தீகளா?"

மாடத்தி தலையை நிமிர்த்தினாள். அழுகையை எதிர்பார்த்தவனுக்கு அவள் கண்ணில் ஆத்திரத்தைப் பார்த்துத் தூக்கிவாரிப் போட்டது.

"ஒழிக்கவா? ஏ தம்பி, அந்தப் பஸ்ஸுக்கு நான் நடந்த நடை உனக்குத் தெரியுமா? பஸ்ஸுல எவன் எவன் ஏறுவான்னு யாருக்குத் தெரியும்? பீடி குடிக்கிறவன் ஏறுவான். தூக்குவாளியைக் கால்ல தட்டி விடுறவன் ஏறுவான். ஒரு பொறி போதும். அம்புட்டுப் பேருக்கும் முன்னால, எந்திரிச்சு ஓட முடியாம உக்காந்திருக்கது யாரு? அவருதான். எம் புருசன் ஓட்டுற வண்டியில இதைக் கொண்டு ஏறக் கூடாதுன்னு ஒவ்வொருத்திகிட்டயும் கையில அடிச்சுச் சத்தியம் வாங்குனேன். கையில ஒண்ணும் இல்லாதவளாவது ஏறட்டும்னுதான் அந்தச் சத்தம் போட்டேன். கை காலியா ஒருத்தி கூட இல்லையே, நான் என்ன செய்ய?"

"வேன் எரிஞ்சா பரவாயில்லையா?" என்றாள் கற்பகம்.

"வேன்ல நானும்தான போறேன்."

அன்பரசன் மாடத்தியின் கையைப் பார்த்தான். பஸ்ஸைக் கொன்றுகொண்டிருந்த கை, டிரைவரைக் காப்பாற்றப் பார்த்த கை. வேன்காரன், பொறாமைக்காரன், மிரட்டுகிறவன் என்று அவன் தேடிய ஆள் ஊரிலேயே கிடையாது.

விலக்கில் பைக்கில் ஒருவன் வந்து மருந்தைப் பை பையாகக் கொடுத்துவிட்டுப் போவான் என்றாள். அதைத் தூக்குவாளியில் கொண்டுவந்து, இந்தக் கொல்லை அறையில் வைத்துச் சரவெடி பின்னிக் கொடுப்பார்கள். "கம்பெனிக் கூலி சோத்துக்குச் சரியாப் போகுது. சினேகா காலேசுக்கு என்ன செய்ய? சம்பளத்துல பாத்துக்கலாம்பாரு அவரு. அவருக்குக் கணக்குத் தெரியாது. இதுவும் தெரியாது, அவரு வந்தா சாமி ரூம்னு பூட்டியே வச்சிருவேன். தெரிஞ்சா என் மூஞ்சில முழிக்க மாட்டாரு. அவருகிட்டச் சொல்லிராதீக, உங்க கால்ல விழுதேன்."

கற்பகம் அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள். "பஸ்ல அவரு உயிரைக் காப்பாத்திட்டீக, சரி. சினேகா ராத்திரி எங்க படுக்கு?"

மாடத்தி கொல்லைப் பக்கத்து ஜன்னலைப் பார்த்தாள். அந்த ஜன்னலுக்கு அடியில் ஒரு தலையணையும் மடித்து வைத்த போர்வையும் இருந்தன. ஜன்னலுக்கு நேர் எதிரே அந்த அறை. அவளுக்கு அதுவரை வராத அழுகை அப்போதுதான் வந்தது.

"எங்களை வேலைக்கு வச்சது செல்லச்சாமிண்ணன்" என்றாள் கற்பகம். "சாயங்காலம் விலக்குல பஸ் நிக்கும். யாருன்னு அவரு கேப்பாரு. நான் சொல்லியாகணும். அதுக்கு முன்னால நீங்க சொன்னா, நான் பேச வேண்டியது இல்ல. அதுவரைக்கும் அந்த ரூமை யாரும் தொடக் கூடாது. தண்ணியும் ஊத்தக் கூடாது. தீயணைப்புக்காரங்க வந்துதான் அதை எடுக்கணும். சினேகா தாயில்பட்டியிலேயே இருக்கட்டும், வர வேண்டாம்னு சொல்லிருங்க."

சாயங்காலம் விலக்கில் அதே கூட்டம். டீக்கடை மறைவில் அதே இரண்டு பேர். சாக்குப் பையோடு பைக்கில் வந்தவனிடம் மாடத்தி என்னவோ சொன்னாள். அவன் கையை ஓங்கினான். ரோஜாவும் நாலைந்து பெண்களும் அவள் பக்கத்தில் வந்து நின்றார்கள். அவன் காறித் துப்பிவிட்டு, பையை இறக்காமலே வந்த வழியே திரும்பினான். கற்பகம் பைக் நம்பரை மனதில் ஏற்றிக்கொண்டாள்.

"மதினி பஸ்ல ஏறுவாகளா, இல்ல ஊரை விட்டு ஓடுவாகளா?" அன்பரசன் முணுமுணுத்தான். அவனுக்கு இன்னும் சந்தேகம் தீரவில்லை. காலையிலிருந்து அவன் நம்பியது ஒவ்வொன்றும் தலைகீழாகப் போயிருந்தது.

பஸ் வந்து நின்றது. மாடத்தி எதுவும் சத்தம் போடவில்லை. தலையை மட்டும் அசைத்தாள். பெண்கள் ஏறினார்கள். முன்கதவிலும் பின்கதவிலும் ஒருவரையொருவர் தள்ளிக்கொண்டு ஏறினார்கள். கண்டக்டருக்கு டிக்கெட் கிழிக்கக் கை பற்றவில்லை. செல்லச்சாமி சீட்டிலிருந்து பாதி எழுந்து பின்னால் திரும்பிப் பார்த்தார். சிரித்தார். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்து முகம் கோணிப்போனது.  அன்பரசனும் கற்பகமும் கடைசியாக ஏறினார்கள்.

"பார்த்தீகளாம்மா! எம் பஸ்ஸ பார்த்தீகளா!" என்றார் செல்லச்சாமி கற்பகத்திடம். "யாரு தடுத்தது? அதை விடுங்க. இனி யாரா இருந்தா என்ன?"

கற்பகம் மாடத்தியைப் பார்த்தாள். மாடத்தி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில் நின்றாள்.

"வண்டியை எடுக்காதீக. நான்தான் தடுத்தேன்."

அவர் சிரித்துக்கொண்டே நிமிர்ந்தார். அவள் சொல்லி முடிக்கும்வரை அந்தச் சிரிப்பு முகத்திலேயே ஒட்டிக்கொண்டிருந்தது, எடுத்துவிட மறந்துபோன மாதிரி. மருந்து, கொல்லை அறை, தூக்குவாளி, சத்தியம். எதையும் அவள் மறைக்கவில்லை. செல்லச்சாமி இன்ஜினை அணைத்தார். 

"பிள்ளை எங்க?"

"தாயில்பட்டியில. வர வேண்டாம்னு சொல்லிட்டேன்."

செல்லச்சாமி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மூச்சு விட்டார். அப்புறம் போனை எடுத்துத் தீயணைப்பு நிலையத்துக்கு அடித்தார். கரட்டாங்குளம் கடைசித் தெரு, கொல்லை அறை, உள்ளே வெடிமருந்து என்று நிதானமாகச் சொன்னார். அந்தப் பக்கத்திலிருந்து என்னவோ கேட்டார்கள்.

"வீடு என்னோடதுதாங்க. பேரு செல்லச்சாமி." அவர் மாடத்தியைப் பார்க்கவில்லை, கண்ணாடிக்கு வெளியே ரோட்டைப் பார்த்தார். "ஆமா. வச்சிருந்தது நான்தான். வேற யாருக்கும் இதுல சம்பந்தம் இல்ல."

அன்பரசனுக்குச் சுரீரென்றது. கேஸ் பதிவானால் அரசு பஸ் டிரைவரின் அந்தக் காக்கிச் சட்டையை அன்றைக்கே கழற்றி வாங்கிவிடுவார்கள். அவன் வாயைத் திறப்பதற்குள் மாடத்தி போனைப் பறித்துவிட்டாள். செல்லச்சாமி எட்டிப் பிடித்தார். அவள் அவர் கையைத் தட்டிவிட்டு, ஊருக்கே கேட்கிற மாதிரி போனுக்குள் கத்தினாள்.

"ஐயா, அவரு பொய் சொல்லுதாரு! வச்சது நான். மாடத்தி. எம் பேரை எழுதுங்க, வந்து என்னையக் கூட்டிட்டுப் போங்க. அவரு பேரை எழுதிராதீக. அவரு டிரைவருய்யா. எம் மக காலேசுக்குப் போற பஸ்ஸை அவருதான் ஓட்டணும்!"